உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்

புது வீட்டுக்கு மீட்டர் வைப்பதற்கு முந்தைய நாள் எர்த் குழி மூடினோம். எட்டடிக் குழி. நடுவில் ஜிஐ பைப்பை நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்கு அடுப்புக்கரி, ஓர் அடுக்கு கல் உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் வயர்மேன் அண்ணன். "வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு கொடம் ஊத்தீருங்க தம்பி. மண்ணு காஞ்சா எர்த் வேல செய்யாது."

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தின் ரோட்டோரத்தில் அப்பா அம்மாவுக்காகக் கட்டிய வீடு அது. கட்டுமானத்துக்கு வாங்கியிருந்த தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும். நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி பணி நிறைவுச் சான்றிதழ் காட்டினால்தான் மின் இணைப்பு. ஆனால் சிறிய வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் பெங்களூரில் அலுவலக இடைவேளையில் போனிலேயே ஏற்றினேன். பணம் கட்டினேன். ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது.

மீட்டர் ஓட ஆரம்பித்ததும், பழைய வீட்டு இணைப்பை ஒப்படைப்பதற்காக அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஊருக்குள் போனோம். ஓட்டு வீடு, சுவர் சரிந்து கிடக்கிறது, இடிக்கப் போகிறோம். மெயின் ஸ்விட்சைத் திறந்த வயர்மேன் அண்ணன், ஒரு வெள்ளை ஒயரை விரலில் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "இது எங்கீங்க தம்பி போகுது?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார்: "அது நம்ம ஆயா ஊட்டுக்கு."

வீட்டுக்குப் பின்னால் சந்து முடியும் இடத்தில் ஒற்றை அறை வீடு ஒன்று இருக்கிறது. அந்த ஆயாவின் அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அவரை அங்கே குடிவைத்தது எங்கள் அப்பாரு. இடம் நத்தம், பட்டா கிடையாது. பதினோரு வருசமாக எங்கள் மீட்டரிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவிக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாசம் 150 ரூபாய்.

"பாவம்னுதான் குடுத்தேன்" என்றார் அப்பா. அது உண்மைதான். அவர் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. நான்தான் பார்த்தேன். 150 பெருக்கல் 12 பெருக்கல் 11. மொத்தம் 19,800 ரூபாய். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு பல்பும் ஃபேனும் டிவியும் அதைத் தாண்டுவது கஷ்டம். தன் பேரில் ஒரு மீட்டர் இருந்திருந்தால் ஆயா பெரும்பாலும் எதுவுமே கட்டியிருக்க மாட்டார்.

"ஏன் ஆயா, நீங்களே எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"பட்டா இல்லாமக் கெடைக்காதுன்னு சொன்னாங்க சாமி."

என்னைவிட முப்பது வயது மூத்தவர். சாமி என்று கூப்பிட வேண்டாம் என்றேன். "செரிங் சாமி" என்றார்.

அன்றிரவு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2003 மின்சாரச் சட்டம், பிரிவு 43. ஒரு இடத்தின் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தால், விநியோக நிறுவனம் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை அபராதம். நான் பிழைப்புக்கு எழுதும் நிரல்களில் 'அல்லது' வந்தால் இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் போதும், கதவு திறந்துவிடும். இங்கே ஏன் திறக்கவில்லை என்று தேடியபோதுதான் இந்த வார்த்தைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது.

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல். அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம் பேசின் பிரிட்ஜில் நிலக்கரியில் மின்சாரம் எடுத்து நகரத்துக்கு விற்றது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்காக வந்ததுதான் 1910-ம் வருட இந்திய மின்சாரச் சட்டம். அதன் பின்னிணைப்பிலேயே 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டங்களின் வார்த்தை அது; அங்கே நகரத்தில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். கேட்பவர் வீட்டுச் சொந்தக்காரரா என்பது கம்பெனிக்கு முக்கியமில்லை, காசு கட்டுவாரா என்பதே முக்கியம்.

காசு விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருந்தது. லைன் இல்லாத தெருவில் ஆறு பேராவது சேர்ந்து கேட்டால் கம்பெனி லைன் இழுக்க வேண்டும். ஆனால் போட்ட முதலுக்கு ஏற்ற வருமானம் வரும்படி இரண்டு வருடமாவது மின்சாரம் வாங்குவோம் என்று அவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். லைனிலிருந்து 100 அடிக்கு மேல் போகும் ஒயருக்கு, கேட்பவரே செலவு செய்ய வேண்டும். 'அல்லது' எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் கம்பம் நிற்கும் தெருவில் குடியிருந்தால்தான் உள்ளே நுழைய முடியும்.

எங்கள் பக்கம் கம்பம் வந்த கதை வேறு. 1927-ல் சென்னை மாகாணம் மின்சாரத்துக்குத் தனித் துறை தொடங்கியது. சி.பி. ராமசாமி ஐயர் மாகாண நிர்வாகக் குழுவில் இருந்தபோது முன்னெடுத்த பைக்காரா நீர்மின் திட்டம், எச்.ஜி. ஹோவார்டின் தலைமையில் கட்டப்பட்டு 1932-ல் ஓடத் தொடங்கியது. கிளென்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு 3000 அடிக்கு மேல் தண்ணீர் குழாயில் விழுகிறது. அந்தக் கரண்ட் மலையிறங்கி நேரே வந்தது கோயமுத்தூருக்கு.

காரணம் எளிமையானது. நீர்மின் நிலையத்தில் செலவெல்லாம் கட்டுவதில்தான். கட்டிய பிறகு தண்ணீர் சும்மா விழுகிறது. ஆகவே இராப்பகலாக யார் வாங்குவார்களோ அவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர். ஒரு வீட்டு பல்பு மாலை ஆறு மணிக்கு எரிந்து ஒன்பது மணிக்கு அணைந்துவிடும்; மீதி நேரம் அந்த லைன் வெட்டியாகத் தொங்கும். பஞ்சாலை அப்படியில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கிய கோவையின் பஞ்சாலைத் தொழில், பைக்காராவுக்குப் பிறகுதான் மளமளவென்று பெருகியது.

அடுத்த நல்ல வாடிக்கையாளர் கிணறு. கொங்குக் கிணறுகள் பாறையில் வெட்டியவை, ஆழம் அதிகம். ஒரு ஜோடி மாடு கட்டி நாளெல்லாம் கவலை ஓட்டினாலும் கொஞ்ச நிலம்தான் நனையும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார்கள். மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் ஊருக்குள் பெருகின. கரண்ட் பக்கத்தில், மோட்டார் பக்கத்தில், கிணறு பக்கத்தில். கம்பங்கள் கிணற்றைத் தேடிப் போயின.

1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் முதல்வர். கிராமங்களுக்கு லைன் இழுக்கும் வேலை அப்போது வேகம் பிடித்தது. எங்கள் அப்பாரு தோட்டத்துக் கிணற்றுக்கு சர்வீஸ் வாங்கியது அறுபதுகளில். வீட்டுக்கு வாங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் பரீட்சைக்குப் படிக்க மோட்டார் ரூமுக்குத்தான் போவேன் என்று அப்பா சொல்வார். ஸ்டார்ட்டருக்கு மேலே ஒரு பல்பு. மோட்டார் ஓடினால் சத்தத்தில் ஒன்றும் மண்டையில் ஏறாது, ஓடாவிட்டால் தூக்கம் வந்துவிடும் என்பார்.

கிணற்றுக்கு வந்த கரண்ட் சீக்கிரமே அரசியலாகவும் ஆனது. 1970-ல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக ஏற்றினார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கட்டணம் 9 பைசாவாக இறங்கியது. 1972-ல் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. ஊரிலிருந்து வண்டிகள் வரிசையாகப் போனதை இப்போதும் நேற்று பார்த்ததுபோலச் சொல்வார். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

இந்த வரலாற்றில் எனக்குப் பெருமை உண்டு. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. ஆனால் இதில் வரும் எல்லோரிடமும் ஒரு கிணறு இருக்கிறது என்பதை நான் இதுவரை யோசித்ததில்லை. அந்தக் கவலையை ஓட்டியவரிடம் கிணறு இல்லை. மோட்டார் வந்ததும் அவருடைய வேலை போயிற்று. லைன் மட்டும் அவர் வீட்டுக்கு வரவில்லை.

கணக்கெடுத்தவர்களும் அவரைப் பார்க்கவில்லை. சுதந்திரத்தின்போது இந்தியாவில் மின்சாரம் வந்திருந்த கிராமங்கள் ஏறக்குறைய 1500. அதற்குப் பின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் 1997 வரை இருந்த வரையறை இது: ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்மயமான கிராமம். ஒரு கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் போதும். ஒரு வீட்டிலும் விளக்கு எரியத் தேவையில்லை. அப்பாருவின் மோட்டாரைப் போல ஒன்று ஓடிய அன்றே அந்த ஊர் முழுசாகக் கணக்கில் ஏறிவிட்டது.

2004-ல் வரையறையைத் திருத்தினார்கள். மக்கள் வசிக்கும் பகுதியில் டிரான்ஸ்பார்மரும் லைனும் இருக்க வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் வேண்டும். வீடுகளில் 10 சதவீதத்திலாவது வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் லைன் போயிருக்க வேண்டும். தனியாக அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதே ஐம்பது வருடக் கம்பங்கள் எங்கே போய் நின்றன என்பதைச் சொல்லிவிடுகிறது. எங்கள் ஊரிலும் ஊருக்குள் வந்த லைன் காலனிக்குப் போகப் பத்து வருசத்துக்கு மேல் ஆயிற்று என்று அப்பா சொல்கிறார்.

குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தபோது காலனி வீடுகளுக்கு 40 வாட் பல்பு கிடைத்தது. ஆயா வீடு காலனியில் இல்லை. ஊருக்குள்ளும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. எடுத்த எந்தப் பட்டியலிலும் அது எங்கள் வீட்டின் பின்பக்கமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

சரி, 2003 சட்டம் வந்த பிறகு? அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2007-ல் பிரிவு 43-க்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். விண்ணப்பம் என்றால் எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம். உரிய படிவம், பணம் கட்டிய ஆவணம், மற்ற நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்தது. 2020 நுகர்வோர் உரிமை விதிகள் நாட்களைக் குறைத்தன. 2024 திருத்தத்துக்குப் பின் பெருநகரத்தில் 3 நாள், நகராட்சிப் பகுதியில் 7, கிராமத்தில் 15. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது விண்ணப்பம் முழுமையான பிறகு. காகிதம் உள்ளவருக்குக் காலம் குறைந்துகொண்டே வருகிறது. காகிதம் இல்லாதவருக்குக் கடிகாரமே தொடங்குவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் மறுநாள் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் என்னைவிட இளையவர். ஆயாவின் வீட்டு வரி ரசீதைப் பார்த்தார். "ஆக்குபையர்னு போட்டு, இண்டெம்னிட்டி பாண்ட் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். இடத்துக்கு உரிமை கோர மாட்டேன், பிரச்னை வந்தா நானே பொறுப்புன்னு. அதுக்குன்னு ஃபார்ம் இருக்கு." அவ்வளவுதான். ஃபார்ம் 6. தமிழ்நாட்டின் மின் விநியோக விதிகளிலேயே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்த பேச்சு.

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கோபப்பட ஆளில்லை. பட்டா இல்லாமல் கிடைக்காது என்று ஆயாவிடம் யாரோ சொன்னார்கள், அவர் நம்பினார். அதை விசாரித்துப் பார்க்கக்கூடிய, அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கக்கூடிய ஆட்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தோம். ஒயர் கொடுத்தோம். ஒயர் கொடுத்ததால் கேள்வி எழவேயில்லை. பழைய வீடு சரியாமல் நின்றிருந்தால் இன்னும் பதினோரு வருசம் அப்படியே போயிருக்கும். அப்படி ஒரு மீட்டரிலிருந்து வேறு வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி தவறு என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் 19,800 என்ற கணக்கைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, "டெபாசிட்டு, ஒயரிங் செலவு எல்லாம் நானே கட்டீர்றேன், அது கிட்ட சொல்லீரு" என்றார். அறுபத்தெட்டு வயது ஆயாவை 'அது' என்றார். இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆயா வீட்டுக்குப் பக்கத்துக் கம்பம் நாற்பதடி கூட இல்லை. எர்த் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, ஆர்சிசிபி மாட்டி, பன்னிரண்டாம் நாள் மீட்டர் வந்தது. வயர்மேன் அண்ணன் பழைய வெள்ளை ஒயரை எங்கள் வீட்டுப் பக்கம் கழற்றிவிட்டுச் சந்து வழியாகச் சுருட்டிக்கொண்டே வந்தார். அதை எடைக்குப் போடலாம் என்று அவர் சொல்வதற்குள் ஆயா கையை நீட்டினார்.

"இங்கியே குடுத்துருங்க. துணி காயப் போடக் கொடி கட்டிக்கறேன்."