எதை இழக்கலாம் என்று யார் சொல்வது?
படச் சுருக்கத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

‘தரம் கெடாமல் படத்தைச் சுருக்குவது எப்படி?’ பார்வைக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி. கணினி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் நம்மில் பலரும் விட்டுவிடுகிறோம். ஆனால் அதிலுள்ள ‘தரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் உள்ளே வேறு சத்தம் கேட்கிறது. யாருடைய கண்ணுக்குத் தரம்? எந்தக் காரியத்துக்குத் தரம்? எது போனால் பரவாயில்லை என்று முடிவு செய்தது யார்? படச் சுருக்கத்தின் வரலாறு இந்தக் கேள்விகளுக்கு யார் யாரோ சொன்ன பதில்களின் வரலாறு. நாம் அனுப்புகிற ஒவ்வொரு படத்திலும் அந்தப் பதில்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஈய எழுத்துக் காலத்தில் அட்டைக்குப் புகைப்படமா கோட்டோவியமா என்பதைப் பல நேரம் முடிவு செய்தது அழகியல் அல்ல, பிளாக் செலவு. ஆஃப்டோன் பிளாக் என்பதே ஒருவகைச் சுருக்கம்தான். தொடர்ச்சியான சாம்பல் சாயல்களைப் புள்ளிகளாக உடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்புவது. கண் ஏமாறும் என்ற அறிவின்மேல் அச்சுப்படம் நின்றது. டிஜிட்டல் படமும் அதன்மேல்தான் நிற்கிறது. இங்கே அந்த ஏமாற்று துல்லியமான கணக்காகியிருக்கிறது, அவ்வளவுதான்.

2

சுருக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எதையும் எறியாமல் நெருக்கி அடுக்குவது. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீளமான குறி. எம்.ஐ.டி. மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன், தேர்வுக்குப் பதிலாக எழுதித் தரவேண்டிய கட்டுரைக்காக யோசித்து 1952இல் வெளியிட்ட முறை இந்த வகை. பிரித்தால் பழையது ஒரு புள்ளி மாறாமல் திரும்பி வரும். இரண்டாவது வழி எறிவது. எறிந்தது எறிந்ததுதான், திரும்பி வராது. நாம் பகிர்கிற புகைப்படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

ஏன் எறிய வேண்டும்? 512க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் 768 கிலோபைட். நொடிக்கு 14,400 பிட் அனுப்புகிற 1990களின் மோடம் வழியாக அது போய்ச்சேர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்தில் ஒன்றாக்கினால் முக்கால் நிமிடம் போதும். இணையத்தில் புகைப்படங்கள் பெருகியதற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்கு.

இதற்கான கணிதத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, படத்தைக் கொசைன் அலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு 1972இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதினார். மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. 1986இல் உருவான ஜேபெக் என்கிற நிபுணர் குழு அதை அடித்தளமாகக் கொண்டு 1992இல் தன் தரநிர்ணயத்தை முடித்தது. நம் செல்பேசிகளில் கிடக்கும் படங்களில் கணிசமானவை இன்னும் அந்த வடிவில்தான் இருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் இது. முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். நிறத்தின் நுணுக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் அதில் பாதியை அல்லது முக்காலை அப்போதே கழித்துவிடுவது வழக்கம். பிறகு படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைகளின் கலவையாக எழுதுகிறார்கள். இதுவரை அலைகளில் எதுவும் பறிபோகவில்லை. பறிபோவது அடுத்த படியில். ஒவ்வொரு அலையின் அளவையும் ஓர் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். வெளிச்சத்துக்கான மாதிரி அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. அகலமான, நிதானமான மாற்றங்களைச் சின்ன எண் வகுக்கிறது, அவை தப்பிக்கின்றன. நுணுக்கமான மாற்றங்களைப் பெரிய எண் வகுக்கிறது, அவை சுழியாகின்றன. வரிசையாக நிற்கும் சுழிகளை ஹஃப்மன் முறை ஒரு பிடிக்குள் அடக்கிவிடுகிறது.

ஆக, அதிகாரம் இருப்பது அந்த அட்டவணையில்.

3

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மனிதக் கண்ணுக்கு எந்த அளவில் வித்தியாசம் தெரியத் தொடங்குகிறது என்று அளந்த சோதனைகளிலிருந்து. அவை உதாரணத்துக்காகத் தரப்பட்டவை, எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் என்பதில்லை என்று தரநிர்ணய ஆவணமே சொல்கிறது. ஆனால் 1991இல் வெளிவந்த இலவச ஜேபெக் மென்பொருள் அந்த உதாரணத்தையே வழக்கமாக எடுத்துக்கொண்டது; அதைப் பின்பற்றி ஏராளமான மென்பொருள்கள் எழுதப்பட்டன. நாம் ‘தரம் 75’ என்று நகர்த்தி வைக்கிற அளவுகோல் அந்த அட்டவணையைப் பெருக்கவோ குறைக்கவோ செய்வதுதான். நூற்றுக்கு எழுபத்தைந்து தரம் மிச்சமிருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. 50 என்று வைத்தால் அட்டவணை உள்ளபடி வேலை செய்யும். உதாரணம் இப்படித்தான் சட்டமாகிறது. யாரும் கட்டளையிடவில்லை, யாரும் மாற்றவுமில்லை.

சோதனைப் படங்களின் கதை இன்னும் வெளிப்படையானது. 1973இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, 1972 நவம்பர் பிளேபாய் இதழின் நடுப்பக்கத்தில் தோள்வரை மட்டும் ஸ்கேன் செய்தார்கள். ‘லேனா’ என்ற அந்தச் சுவீடன் பெண்ணின் படம் பல பத்தாண்டுகள் படச் சுருக்க ஆய்வுக் கட்டுரைகளின் முகமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் கையில் எந்தப் பத்திரிகை இருந்தது என்பது அறிவியலின் உரைகல்லாகிவிட்டது. பெண் ஆய்வாளர்கள் உட்படப் பலரின் எதிர்ப்புக்குப் பிறகு, 2024 ஏப்ரலிலிருந்து அந்தப் படத்தைத் தன் இதழ்களில் ஏற்பதில்லை என்று ஐ.இ.இ.இ. அறிவித்தது. ஐம்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

லேனாவின் முகத்தைப் பார்த்து ஜேபெக் அட்டவணை எழுதப்பட்டது என்று சொல்ல வரவில்லை. விஷயம் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வகுத்து முழு எண்ணாக்கும்போது முதலில் சுழியாவது மெல்லிய வேறுபாடு. நல்ல வெளிச்சத்தில் எடுத்த வெளிறிய முகத்துக்கு இது பெரிய நஷ்டமில்லை. மங்கிய தெருவிளக்கில் எடுத்த கறுத்த முகத்தில் இருப்பதோ பெரும்பாலும் மெல்லிய வேறுபாடுகள்தாம். கண் எங்கே, உதட்டோரக் காயம் எங்கே என்பதெல்லாம் அந்தச் சாயல்களில்தான் இருக்கிறது. அதிகம் சுருக்கினால் அங்கே கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு மட்டுமே மிஞ்சும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இழப்புதான் எல்லோருக்கும் ஒன்றல்ல.

4

இன்னொரு பக்கம் சொத்து. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த ஜிஃப் வடிவம், லெம்பல், ஸிவ், வெல்ச் ஆகிய மூவர் பெயரால் அறியப்படும் சுருக்க முறையைப் பயன்படுத்தியது. ஊரெல்லாம் அது பரவிய பிறகு, 1994 டிசம்பர் கடைசியில்தான், காப்புரிமை யூனிசிஸ் கையில் இருக்கிறது, ஜிஃப் மென்பொருள் எழுதுவோர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. சில நாட்களிலேயே, 1995 ஜனவரியில், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த நிரலாளர்கள் சேர்ந்து மாற்று வடிவம் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் பிஎன்ஜி. 1996 அக்டோபரில் அது முறையான பரிந்துரையானது. எதையும் எறியாத, யாருக்கும் கப்பம் கட்டாத வடிவம். 1999 நவம்பர் 5ஆம் தேதியை ஜிஃப் எரிப்பு நாள் என்று அறிவித்துப் பிரச்சாரமே நடந்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் காலாவதியானது.

ஜேபெக்கும் தப்பவில்லை. 1980களின் பழைய காப்புரிமை ஒன்றைக் காட்டி ஃபோர்ஜென்ட் என்ற நிறுவனம் 2002இலிருந்து பல கம்பெனிகளிடம் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பொதுநல அமைப்பு ஒன்றின் மனுவின்பேரில் 2006இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதை மறுஆய்வு செய்தது. அதன் முக்கியமான உரிமைகோரல்கள் நிற்காது என்ற முடிவு வந்தது. பொதுவழி என்று நாம் நினைத்து நடப்பதில் யாரோ பட்டா வைத்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

5

கடைசியாக எழுத்து. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளர் ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றில் கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. படம் மங்கலாகவில்லை, எண்கள் பளிச்சென்று தப்பாக இருந்தன. ‘ஒரே மாதிரி’ இருக்கிற வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டுகிற சுருக்கமுறையின் வேலை அது. மங்கலான பிரதி தன் இழப்பை ஒத்துக்கொள்ளும். இந்தப் பிரதி ஒத்துக்கொள்ளாது.

பழைய துண்டறிக்கைகளையும் நின்றுபோன பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கிற நமக்கு இது நேரடியாகப் பொருந்துகிற விஷயம். தமிழில் ஒரு புள்ளி போனால் ‘மண்’ ‘மண’ ஆகிவிடும். அதிகமாகச் சுருக்கிய ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிகிறது, புள்ளி அதில் கரைகிறது. மூலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்வது, பத்திரிகையை எரித்துவிட்டுப் பொருளடக்கத்தை வைத்துக்கொள்வதுபோல.

சுருக்கவே கூடாது என்பதல்ல வாதம். ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009இல் எழுதிய கட்டுரையில் ‘ஏழைப் படம்’ என்ற ஒன்றுக்காக வாதாடினார். தரம் இழந்த படம்தான் கைமாறிக் கைமாறி வேகமாகப் போகிறது, ஆவணக் கிடங்குகளின் பூட்டை உடைக்கிறது என்றார். சரிதான். தரம் தரம் என்று காத்திருந்தால் செய்தி செத்துவிடும். ஆனால் ஊர்வலம் போகிற படம் ஒன்று, சாட்சி சொல்கிற படம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் சிக்கல்.

உண்மையறியும் குழுவில் போகிற தோழர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். கேமராவிலிருந்து வந்த கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். பகிர்வதற்கு ஒரு நகல் எடுத்து, முதலில் நீள அகலத்தைக் குறையுங்கள், பிறகு ஒரே ஒரு முறை சுருக்குங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். எழுத்து, கோட்டோவியம், வரைபடம் என்றால் பிஎன்ஜி. வாட்ஸாப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது தன் அளவுக்குச் சுருக்கும், எப்போது எங்கே எடுத்தது என்ற குறிப்பும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அந்தக் குறிப்பு யாரையாவது காட்டிக்கொடுக்குமென்றால் உதிர்வதே நல்லது. அதையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இழப்பில்லாத பகிர்வு அநேகமாக இல்லை. எதை இழக்கிறோம் என்பதை அட்டவணையிடம் விட்டுவிடுகிறோமா, நாமே சொல்கிறோமா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை அந்த அளவுகோலை நகர்த்தும்போது, படத்தில் இருப்பவர் யார், அதை யார் எதற்காகப் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நகர்த்தலாம்.