எட்டியிருந்து கற்கும் கல்வி

கிளிநொச்சி நகரின் மேற்குப்புறத்திலே, அக்கராயன் குளத்துக்கு அண்மையில், ஸ்கந்தபுரம் என்னும் ஊர் இருக்கின்றது. காடு வெட்டிக் கழனியாக்கிய மக்களின் ஊர் அது. அவ்வூரிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவி ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவள் கையிலே ஒரு கைத்தொலைபேசி. அதன் திரையிலே ஒரு விளம்பரம். இணையவழியே நிரலாக்கம் கற்றுச் சில மாதங்களிலே மென்பொருள் வல்லுநர் ஆகிவிடலாம் என்று அது அழைக்கின்றது. வயலிலிருந்து வந்த தந்தை அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உதைப் படிச்சால் வேலை கிடைக்குமோ?" என்று கேட்கிறார்.

தந்தையின் கேள்வி நியாயமானது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோருள்ளும் ஒரு பகுதியினருக்கே நம் நாட்டிலே இடம் கிடைக்கின்றது. எஞ்சியோருக்கு இணையவழிக் கல்வி ஒரு வாயிலாகத் தோன்றுகிறது. அது மெய்யான வாயிலா, சுவரிலே தீட்டிய வாயிலா என்பதை அறிய விரும்பினால், சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏனெனில், ஆசான் ஓரிடத்திலும் மாணாக்கன் வேறோரிடத்திலும் இருக்கக் கற்கும் முறை நமக்குப் புதிதன்று.

1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரியை நிறுவினர். கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1857இலே சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் வட்டுக்கோட்டையிலே பயின்றவர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர், பின்னர்ப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர்தம் கல்விக்கு அடித்தளம் இட்டது ஓர் ஊர். பட்டம் வழங்கியது கடலுக்கு அப்பால் இருந்த ஒரு நகர். அடித்தளம் உறுதியாக இருந்தமையால், பட்டம் தூரத்திலிருந்தும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு, அதாவது 1858இலே, இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிமாணவர்க்குத் திறந்துவிட்டது. எந்தக் கல்லூரியிலே கற்றாய் என்று அது கேட்கவில்லை. கற்றதை எழுதிக் காட்டு என்றே கேட்டது. இலங்கையிலே 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இந்நிலை நீடித்தது. அந்த நாளிலே இலண்டன் அனுப்பியவை பாடத்திட்டமும் வினாத்தாளும் மட்டுமே. நூல் தேடுவதும், ஆசிரியரைத் தேடுவதும், அந்தியிலே விளக்கேற்றி இருந்து படிப்பதும் மாணவர் பொறுப்பாயின. தேறியவர்கள் பெரும்பாலும் தனித்து நின்றவர்களல்லர். நல்ல பள்ளிக்கூடமோ, மூத்த மாணவரின் துணையோ, ஒரு வாசிகசாலையோ அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

வானொலிக்கும் இந்த வரலாற்றிலே ஓர் இடம் உண்டு. 1963இலே பிரித்தானிய அரசியல்வாதி ஹரோல்ட் வில்சன், வானலைகளின் வழியே ஒரு பல்கலைக்கழகம் நடத்தலாம் என்றார். அக்கருத்தே 1969இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. 1971இலே மாணவர் கற்கத் தொடங்கினர். அந்நிறுவனம் ஒலிபரப்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. அஞ்சலிலே பாட ஏடுகளை அனுப்பியது. மாணவர் எழுதிய ஒப்படைகளைத் திருத்தித் திருப்பியனுப்ப ஆசிரியரை அமர்த்தியது. நம் நாட்டிலும் 1980இலே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இனி, நிரலாக்கத்துக்கு வருவோம். கணினிக்கு இடவேண்டிய கட்டளைகளை ஒழுங்குபட எழுதும் கலையே நிரலாக்கம். 1963ஆம் ஆண்டிலே கான்பூர் இந்தியத் தொழினுட்ப நிறுவகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. அங்கே கற்பித்தவருள் ஒருவர் ஈரோட்டிலே பிறந்த பேராசிரியர் வைத்தீஸ்வரன் இராசாராமன். கணினியை நேரிலே காணும் வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்த காலம் அது. அவர் தம் வகுப்புக் குறிப்புகளை நூலாக்கி, மாணவர் வாங்கக்கூடிய மலிவு விலையிலே வெளிவரச் செய்தார். அந்நூல்களின் வழியே, கான்பூரைக் கண்டிராத பல்லாயிரவரும் நிரலாக்கம் கற்றனர். துளையிட்ட அட்டைகளிலே கட்டளைகளைப் பதித்துக் கொடுத்து, விடைக்காகக் காத்திருந்து, ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மீண்டும் துளையிட்ட தலைமுறை அது. ஒவ்வொரு பிழையும் பல மணி நேரத்தை விழுங்கிற்று. ஆகவே அவர்கள் எழுதுமுன் சிந்திக்கப் பழகினர்.

2001ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம், தன் பாடக்குறிப்புகளை இணையத்திலே யாவர்க்கும் இலவசமாக வைப்பதாக அறிவித்தது. 2003இலே இந்தியத் தொழினுட்ப நிறுவகங்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகமும் சேர்ந்து என்.பி.ரெல். என்னும் திட்டத்தைத் தொடங்கி, விரிவுரைகளைப் படம்பிடித்து வெளியிட்டன. 2011இலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடமொன்றை இணையத்திலே திறந்தபோது, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அதற்கு அடுத்த ஆண்டிலே கோர்செரா, எட்எக்ஸ் என்னும் தளங்கள் தோன்றின. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமும் அவ்வாண்டிலேயே உலகுக்குத் திறக்கப்பட்டது.

இவ்வெழுச்சியைக் கண்டோர், இனிப் பல்கலைக்கழக மதில்கள் இடிந்துவிடும் என்றனர். நடந்தது வேறு. ஹார்வார்டும் மசச்சூசெற்ஸ் நிறுவகமும் ஆறாண்டுகளாக நடத்திய பாடங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019இலே 'சயன்ஸ்' என்னும் ஏட்டில் வெளிவந்தது. பதிவு செய்தோரிற் பாதிப்பேர் பாடத்துக்குள் ஒருமுறையேனும் நுழையவில்லை. 2017-18இலே நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே முடித்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியிலே சேர்ந்தவருள்ளோ நூற்றுக்கு 46 பேர் முடித்தனர். இரு சாராருக்கும் பாடம் ஒன்றே, ஆசிரியரும் ஒருவரே. முடிக்கவேண்டும் என்ற உறுதியோடும் அதற்கான வசதியோடும் வந்தவர் முடித்தனர். மற்றையோர் வழியிலே நின்றுவிட்டனர். இலண்டன் வெளிவாரிப் பரீட்சை எழுதியவர்களின் அனுபவமும் இதுவே அன்றோ?

வன்னிக் கமக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சிறுபோகத்திலே குளத்து மதகைத் திறந்துவிட்டால் மட்டும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. வாய்க்கால் துப்புரவாக இருக்கவேண்டும். வரம்பு உடையாமல் இருக்கவேண்டும். முறை வைத்துப் பாய்ச்ச அயலவர் இணங்கவேண்டும். இணையம் ஒரு பெருங்குளத்தின் மதகைத் திறந்துவிட்டிருக்கின்றது. வாய்க்காலை வெட்டவேண்டியவர் நாம்.

இந்த வாய்க்காலின் முதற்பகுதி, இடைவிடாத பயிற்சி. விரிவுரையைப் பார்ப்பது நிரலாக்கம் ஆகாது. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவன் நீந்தமாட்டான். நல்ல இணையவழிப் பாடங்களின் சிறப்பு, மாணவர் எழுதிய நிரலை உடனே பரிசோதித்து, எங்கே பிழை என்று காட்டுவதிலே உள்ளது. முன்னாளிலே பல மணி நேரம் காத்திருந்து பெற்ற விடை இன்று ஒரு நொடியிலே கிடைக்கின்றது. பயிற்சிக் கணக்குகள் இல்லாத பாடத்துக்குப் பணம் கொடுத்தல் வீண்.

இரண்டாவது, மொழி. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலே உள்ளன. ஆயினும் அஞ்சவேண்டியதில்லை. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் பழகும் பைதன் மொழியிலே ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. விளக்கங்களைத் தமிழிலே பெற விரும்புவோர்க்கு, 2012இலே தொடங்கப்பட்ட 'கணியம்' என்னும் இலவச மின்னிதழும் அதன் நூல்களும் உள்ளன. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்னும் மொழியை முத்து அண்ணாமலை என்பார் ஆக்கியுள்ளார். தமிழிலே கருத்தைப் பிடித்துக்கொண்டு, பின் ஆங்கிலத்திலே தொழிலைப் பழகுதல் எளிது.

மூன்றாவது, மதிப்புள்ள சான்று. இங்கேதான் விளம்பரங்களிலே மயங்கக்கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலே தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைதனும் இணையத்தள ஆக்கமும் கற்பிக்கும் பாடங்களை இலவசமாகத் திறந்து வைத்துள்ளது. 2020இலே சென்னை இந்தியத் தொழினுட்ப நிறுவகம், நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. பாடத்தை வீட்டிலிருந்து கற்கலாம். பரீட்சையை மண்டபத்துக்கு வந்தே எழுதவேண்டும். பதினெட்டு, பத்தொன்பது மாதங்களிலே முடியும் படிப்புகளல்ல இப்பட்டங்கள். ஆனால் இவற்றின் முதற்படியை ஒருவர் வேலையோடும் வயலோடும் சேர்த்து ஏறலாம்.

வேலை தருவோரோ சான்றிதழோடு நின்றுவிடுவதில்லை. 'நீ எதைச் செய்து முடித்தாய்?' என்று கேட்கின்றனர். ஊர்க் கடைக்கான கணக்கேடு, நெற்கொள்வனவுப் பதிவு, பாடசாலை நூலக அட்டவணை போன்ற ஒன்றை நிரலாக எழுதி, யாவரும் பார்க்க இணையத்திலே வைத்தவர், வெறும் சான்றிதழ்களோடு வருபவரிலும் ஒரு படி முன்னே நிற்கிறார். 2022இன் இறுதியிலிருந்து, கேட்டவுடன் நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. சிறு நிரல்களை இயந்திரமே எழுதுமாயின், அந்நிரல் சரியா, தவறா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்க்கே இனி மதிப்பு. மேலெழுந்தவாரியாகக் கற்றவர்க்கு வாசல் ஒடுங்கியிருக்கின்றது என்பதை மறைத்தல் முறையன்று.

நான்காவது, துணை. இதை விளக்க ஸ்கந்தபுரத்துக்கே மீள்வோம். 1990இலிருந்து வன்னியிலே மின்சாரம் இல்லாது போயிற்று. 1996இலே கிளிநொச்சி நகரை விட்டு இடம்பெயர்ந்த மக்கள் பெருந்தொகையாக ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் சுற்றயல் ஊர்களிலும் தங்கினர். மரநிழலும் கிடுகுக் கொட்டிலும் வகுப்பறைகளாயின. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த, ஜாம் போத்தலிலே திரியிட்டு எரித்த விளக்கொளியிலே பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். ஒரு விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து படித்தமையால், வறுமை தந்த அந்த ஏற்பாடே ஒரு படிப்பு வட்டமாயிற்று. ஒருவருக்கு விளங்காததை மற்றவர் சொல்லிக்கொடுத்தார். 2009இலே அம்மக்கள் மீண்டும் யாவற்றையும் இழந்தனர். பின்பு திரும்பிவந்து கூரை வேய்ந்தனர்.

இன்று அம்மாவட்டத்திலே நிலைமை மாறியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகரிலே இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் இளைஞரை ஒன்றுகூட்டி மென்பொருட் போட்டிகளை நடத்தியுள்ளன. ஆயினும், கைத்தொலைபேசியோடு தனியே இருக்கும் மாணவிக்கும் இவற்றுக்கும் இடையே இன்னும் தூரம் உண்டு. 2022 மார்ச் இறுதியிலே நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, திரையை மட்டும் நம்பிய கல்வி எவ்வளவு நொய்தானது என்பதை யாவரும் கண்டோம்.

ஆகவே, ஊர்தோறும் பெருங்கட்டடம் வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பாடசாலைக் கணினிக்கூடத்தையோ சனசமூக நிலையத்தையோ வாரத்திலே இரண்டு மாலைகள் திறந்துவிட்டாற் போதும். ஐந்தாறு பிள்ளைகள் ஒரே பாடத்தை ஒரே வாரத்திலே கற்கட்டும். அறிவியல் நகரிலே பயிலும் பொறியியல் மாணவர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து அவர்களின் நிரல்களைப் பார்க்கட்டும். வெளிநாட்டிலே மென்பொருட்டுறையிலே உழைக்கும் ஊரவர், பணம் அனுப்புவதோடு நின்றுவிடாது, வாரத்திலே ஒரு மணி நேரம் திரையிலே தோன்றி ஐயம் தீர்க்கட்டும். வட்டுக்கோட்டையிலும், இலண்டன் பரீட்சைக் காலத்திலும், போத்தல் விளக்கைச் சுற்றியும் இருந்தது இத்துணையே.

தந்தையின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். "படிச்சால் மட்டும் கிடையாது, ஐயா. செய்து பழகினால் கிடைக்கக்கூடும். நாலுபேரோடு சேர்ந்து படித்தால் அதற்கு வாய்ப்புக் கூடும். முதலில் இலவசமான பாடம் ஒன்றை முடிக்கட்டும். முடித்த பின்பு பணம் கட்டுவதா என்று யோசிப்போம்." இவ்விடையிலே விளம்பரத்தின் இனிமை இல்லை. ஆனால், மகளின் ஓராண்டையும் வயலிலே உழைத்துச் சேர்த்த பணத்தையும் வீணாக்காத விடை இதுவே.