திம்பு: நம்ம தாத்தாவைவிட வயசு கம்மியான தலைநகர்

இந்த எபிசோட் பூட்டானோட தலைநகர் திம்பு பத்தி. போன வருஷம் டூரிஸ்டா போயிட்டு வந்தேன். டிராஃபிக் சிக்னலே இல்லாத தலைநகர்னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. உண்மைதான். ஒரு தடவை சிக்னல் வெச்சாங்க, மக்களுக்குப் பிடிக்கலைன்னு எடுத்துட்டாங்க. இப்பவும் போலீஸ்காரர் கூண்டுல நின்னு கையசைச்சுத்தான் வண்டிகளை அனுப்புறார்.

சுமார் 2,300 மீட்டர் உயரம். எங்க பார்த்தாலும் வண்ணம் பூசின மர ஜன்னல், சரிவான கூரை. பெட்ரோல் பங்க்கூட அப்படித்தான் இருக்கு. பார்த்ததும் பல நூற்றாண்டு பழைய நகரம்னுதான் தோணும். ஆனா 1950-கள்ல இங்க நகரமே கிடையாது. ஒரு கோட்டை, சுத்தி வயல், சில கிராமங்கள், அவ்வளவுதான். 1961-லதான் இது தலைநகர் ஆச்சு. கோட்டையையும் 1960-கள்ல பெரிய அளவுல திரும்பக் கட்டினாங்க.

ஏன் அப்போ? 1958-ல நேரு பூட்டான் போனப்போ, இந்தியாவுல இருந்து நேரா போக ரோடு இல்ல. நாதுலா கணவாய் தாண்டி, திபெத் பக்கம் இறங்கி, பல நாள் பயணம் பண்ணி பாரோ சேர்ந்தார். அடுத்த வருஷம் லாசாவுல கிளர்ச்சி, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். வடக்கு எல்லையை மூடிட்டு பூட்டான் தெற்கே திரும்பிச்சு. இந்தியாவோட பார்டர் ரோட்ஸ் ஆளுங்க மலையைக் குடைஞ்சு ரோடு போட்டாங்க. பல நாள் நடை சில மணி நேரமா சுருங்கிச்சு.

ரோடு வந்தா எல்லாமே வரும். அதனால எதை உள்ளே விடணும்னு அவங்க முடிவெடுத்தாங்க. டூரிஸ்ட்டுக்கு 1974-ல கதவு திறந்தாங்க, டிவிக்கு 1999-ல. இன்னிக்கும் இந்தியர்கள் ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டணும். கட்டிடங்களோட முகப்பு பாரம்பரிய பாணியில இருக்கணும்கறதும் விதிதான்.

இதுவரைக்கும் கேட்டா சூப்பர்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அதே கட்டுப்பாடு மனுஷங்க மேலயும் வந்துச்சு. 1989-ல தேசிய உடையைக் கட்டாயமாக்கினாங்க, பள்ளிக்கூடத்துல நேபாளி பாடத்தை நிறுத்தினாங்க. தெற்கே இருந்த நேபாளி பேசுற மக்கள் போராடினாங்க. நாங்க தலைமுறை தலைமுறையா இங்கதான் இருக்கோம்னாங்க. பலர் சட்டவிரோதமா குடியேறினவங்கன்னு அரசு சொல்லிச்சு. கடைசியில ஒரு லட்சத்துக்கும் மேல ஆட்கள் கிழக்கு நேபாளத்து அகதி முகாம்கள்ல வாழ வேண்டியதாச்சு. பெரும்பாலானவங்க பிறகு அமெரிக்கா மாதிரி நாடுகள்ல குடியேறினாங்க.

திம்புவுக்கு தாராளமா போங்க, அருமையான ஊர். ஆனா அங்க நீங்க பார்க்குறது தானா தப்பிப் பிழைச்ச பழமை இல்ல, அறுபது வருஷமா திட்டம் போட்டுக் காப்பாத்துற பழமை. அதுக்கு நாம கட்டுறது 1,200 ரூபாய். ஊரையே விட்டுப் போனவங்க கொடுத்த விலையை எந்த கைடும் எனக்குச் சொல்லல. அதான் இங்க சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.