ஸ்டியரிங்குக்கு வேலையில்லாத பஸ்

எங்கள் ஊர்களில் கோச்சி ஓடியதில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும், அதற்குக் கீழே பொத்துவில் வரைக்கும் தேடினாலும் ஓரடித் தண்டவாளம் கிடையாது. தேர்தல் வந்தால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலுக்குப் பாதை வரும் என்ற பேச்சும் வரும். தேர்தல் முடிந்தால் அந்தப் பேச்சும் முடியும். புகையிரத வரலாறு என்றால் அது கண்டிக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் உரியது, நமக்கு அதில் பங்கில்லை என்று பிள்ளைகள் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

நாங்கள் சில ஆசிரியர்களும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் பின்னேரங்களில் கூடி, காட்போட் மட்டையில் ஒரு வாகனத்தின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறோம். பலர் விசாரிக்கிறார்கள்: “என்ன சேர், கோச்சியா பஸ்ஸா?” இரண்டும்தான். மட்டக்களப்புப் பாதையில் ஓடிய ரயில் பஸ். அதைப் பற்றித் தேடியதில் கிடைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

இலங்கையில் முதல் புகையிரதம் ஓடியது 1864 டிசம்பரில், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை. கிழக்குக்கு வர அதற்கு அறுபது வருடத்துக்கு மேல் எடுத்தது. வடக்குப் பாதையில் மாஹோவில் பிரிந்து, கல்லோயா சந்தியில் இன்னொருமுறை பிரிந்து, ஒரு கிளை 1927 இல் திருகோணமலைக்கும் மற்றது 1928 இல் மட்டக்களப்புக்கும் வந்தன. (இந்தக் கல்லோயா நம் அம்பாறையின் கல்லோயா அல்ல. அது ஹபரணைக்கு அப்பால் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் நாலு பேராவது நம்ப மாட்டார்கள்.) மட்டக்களப்போடு தண்டவாளம் நின்றுவிட்டது. அங்கிருந்து கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். கல்லடியில் லேடி மேனிங் பாலம் 1924 இலேயே திறக்கப்பட்டிருந்ததால், கோச்சியில் வந்திறங்கிய ஆளும் சாமானும் வாவியைத் தாண்டித் தெற்கே வர வழி இருந்தது. வண்டியோ லொறியோ பஸ்ஸோ, மீதித் தூரம் றோட்டில்தான். நம் மூத்தவாப்பாமாருக்குக் ‘கோச்சிப் பயணம்’ என்றால் அதில் பாதி பஸ் பயணம்.

தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து பயணி எப்படிப் போவான் என்ற கேள்வி நம் கடற்கரைக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் கம்பனி, ஹெல்ஸ்டன் நிலையத்திலிருந்து லிஸார்ட் முனைக்குப் பாதை போடுவது கட்டுபடியாகாது என்று கண்டு, 1903 ஓகஸ்ட் 17 ஆம் திகதி அங்கே மோட்டார் பஸ் ஓடவிட்டது. புகையிரதக் கம்பனியே பஸ் முதலாளியானது. பிறகு பொதி ஏற்ற லொறிகளும் வந்தன. 1930களில் ஸ்கமெல் கம்பனி செய்த ‘மெக்கானிக்கல் ஹோர்ஸ்’ என்ற மூன்று சக்கர வாகனம், நிலைய முற்றத்தில் குதிரை திரும்புகிற அளவு இடத்தில் தானும் திரும்பும் என்பதற்காகவே வாங்கப்பட்டது. 1948 இல் எல்லாக் கம்பனிகளும் பிரிட்டிஷ் ரயில்வே என்று அரசுடைமையானபோது இவையும் அரசுக்குப் போயின. இன்று அந்நாட்டில் அந்த லொறிகளைச் சிறிய அளவில் செய்கிறவர்கள், கதவில் எழுதிய எழுத்து எந்த வருடத்தது, கடுஞ்சிவப்பும் பாலாடை நிறமும் எங்கே பிரிந்தன என்றெல்லாம் பழைய படங்களை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களிடம் வாதாடுவதற்குப் படம் இருக்கிறது. அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.

புகையிரதத்தின் பஸ் றோட்டில் ஓடுவது ஒரு வகை. றோட்டுக்குச் செய்த பஸ்ஸைத் தூக்கித் தண்டவாளத்தில் வைப்பது மற்ற வகை. அமெரிக்காவின் கொலராடோவில் ரியோ கிராண்ட் சதர்ன் என்ற சிறு புகையிரதக் கம்பனி, பொருளாதார மந்தத்தில் பயணிகள் குறைந்து, ஆனால் தபால் ஒப்பந்தத்தையும் விட முடியாமல், 1931 இல் ஒரு பியூக் காரின் உடலை வைத்துத் தண்டவாள வண்டி செய்தது. அது ஆடி ஆடி ஓடுவதைப் பார்த்துச் சனங்கள் ‘பாய்ந்தோடும் வாத்து’ என்று பேர் வைத்தார்கள். அயர்லாந்தில் கிரேட் நொர்தேர்ன் கம்பனி 1930களில் தன் பஸ்களையே மாற்றியது. இரும்பு வளையத்துக்குள் காற்றடித்த ரயரை வைத்து அவர்கள் ஒரு சக்கரம் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் மதுரா – பிருந்தாவனம் பாதையில் ரயில் பஸ் ஓடியது. எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: நாற்பது ஐம்பது பேரை ஏற்ற ஒரு முழு எஞ்சினையும் நாலு பெட்டியையும் இழுப்பது நட்டம், சேவையை நிறுத்தினால் அந்தச் சனத்துக்கு வேறு வழியில்லை.

நம் நாட்டில் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். லேலண்ட், டாடா பஸ்கள் இரண்டை எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்து, ரயரைக் கழற்றி இரும்புச் சக்கரம் பூட்டித் தண்டவாளத்தில் விட்டார்கள். ஏன் முதுகோடு முதுகு? றோட்டில் பஸ் வளைந்து திரும்பும். தண்டவாளத்தில் திரும்ப முடியாது. இரண்டு முனையிலும் முகம் இருந்தால் சாரதி இந்தப் பக்கத்திலிருந்து இறங்கி அந்தப் பக்கத்தில் ஏறினால் போதும்.

எங்கள் பிள்ளைகள் மாதிரியைச் செய்யத் தொடங்கியதும் முதலில் முட்டிக்கொண்டது கதவில். நம் பஸ்ஸில் கதவு இடப் பக்கம். இரண்டு பஸ்ஸை முதுகு சேர்த்து வைத்தால் ஒன்றின் கதவு இந்தப் பக்கம், மற்றதின் கதவு அந்தப் பக்கம். மேடை ஒரு பக்கத்தில்தானே இருக்கும்? அப்படியென்றால் பாதிப் பேர் மேடையில் இறங்குவார்கள், மற்றவர்கள் கல்லுக்குள் குதிப்பார்களா? மறு பக்கத்திலும் கதவு வெட்டினாலொழிய வேலை நடக்காது. அடுத்தது அகலம். பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர் அளவு. புகையிரதப் பெட்டி அதைவிட அகலம், மேடையும் பெட்டிக்கு ஏற்றபடி கட்டப்பட்டது. ஆகவே பஸ்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு வெளி விழும். மட்டையில் மேடை செய்து பக்கத்தில் வைத்தபோது எட்டாம் ஆண்டுப் பிள்ளையொன்று கேட்டது: “மூத்தம்மா எப்படி சேர் ஏறுவா?” எந்தப் புத்தகமும் எங்களை இந்தக் கேள்விக்குக் கொண்டுவரவில்லை. பசையும் கத்தரிக்கோலும்தான் கொண்டுவந்தன.

அளவு 1:50 என்று எடுத்திருக்கிறோம். நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மில்லிமீற்றர், ஐந்தடி ஆறங்குலம். ஐம்பதால் பிரித்தால் 33.5 மில்லிமீற்றர். கடையில் வாங்கும் வெளிநாட்டு விளையாட்டுத் தண்டவாளம் பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர், அது அவர்களுடைய பாதைக்குச் சரி, நமக்கு ஆகாது. தண்டவாளத்தையும் நாங்களே செய்ய வேண்டியதாயிற்று. பின்னக் கணக்கில் வெறுப்புள்ள பிள்ளைகள் இந்தப் பிரித்தலை மட்டும் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

பிறகு சக்கரம். றோட்டு பஸ்ஸைச் சாரதி ஸ்டியரிங்கால் திருப்புகிறார். தண்டவாளத்தில் ஸ்டியரிங்குக்கு வேலையில்லை என்றால் வளைவில் யார் திருப்புவது? விளிம்புதான் பிடித்துக்கொள்கிறது என்பார்கள். விளிம்பு கடைசிக் காவல்தான். உண்மையில் புகையிரதச் சக்கரம் கொஞ்சம் கூம்பு வடிவம், உள்பக்கம் பருத்து வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். வளைவில் சக்கரச்சோடி வெளியே நகரும்போது வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உள் சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். ஒரே சுற்றில் வெளிச் சக்கரம் கூடத் தூரம் போகும், அச்சு தானாகத் திரும்பும். இரண்டு பிளேன்ரி கப்பை வாயோடு வாய் ஒட்டி, சாய்த்து வைத்த இரண்டு கம்பியின் மேல் உருட்டிப் பாருங்கள், விழாமல் நடுவுக்கு வந்து வந்து ஓடும். அடியோடு அடி ஒட்டினால் உடனே விழுந்துவிடும். ஆசிரியர் கலாசாலையில் படித்த எந்தப் பரிசோதனைக்கும் வகுப்பு இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

றோட்டும் தண்டவாளமும் ஒன்றானதை நம்மவர்கள் ரயில் பஸ்ஸுக்கு முன்னரே கண்டிருக்கிறார்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு ஓட்டமாவடிப் பாலமும் மன்னம்பிட்டிப் பாலமும் ஞாபகமிருக்கும். பழைய இரும்புப் பாலங்கள். தளம் ஒன்றுதான். அதே தளத்தில் தண்டவாளமும் பதிந்திருக்கும், பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் சைக்கிளும் அதன் மேலேயே போகும். கோச்சி வருகிறதென்றால் கேற்றைப் போட்டுவிடுவார்கள். எல்லா வாகனமும் வரிசையில் நிற்கும், கடலைக்காரனுக்கு வியாபாரம். கோச்சி போன பிறகு பஸ் அதே வழியில் தடதடத்துக்கொண்டு போகும். எங்களிடம் பேசிய ஒரு பழைய லொறிச் சாரதி, மழை நாளில் ரயர் தண்டவாளத்தில் ஏறி வழுக்குவதைக் கையால் அசைத்துக் காட்டினார். மன்னம்பிட்டியில் 2007 இல் ஜப்பான் உதவியோடு வாகனங்களுக்குத் தனிப் பாலம் வந்தது, ஓட்டமாவடிக்கும் பிறகு வந்தது. இன்றைய பிள்ளைகளுக்குப் பாலத்தில் கேற் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதிரி ஓட்டமாவடிப் பாலம்தான், இன்ஷா அல்லாஹ்.

இதையெல்லாம் ஏன் இப்போது அவசரமாகச் செய்கிறோம் என்றால், ஆவி எஞ்சினுக்கு ஆள் இருக்கிறது. செய்த கம்பனியின் வரைபடம் இருக்கிறது, நேசிக்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறந்த புகையிரத நூதனசாலைக்குப் போகிறவர்கள் எஞ்சினுக்கு முன்னால்தான் படமெடுக்கிறார்கள். ரயில் பஸ் அழகில்லை. அது வேலைத்தலத்தில் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த வாகனம். ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் கண்ணாடி மாறும், ஆசனம் மாறும், நிறம் மாறும். இப்படிப்பட்டது இரும்புக்குப் போகிற நாளில் யாரும் அழமாட்டார்கள்.

நம் கரையில் இன்னொன்றும் நடந்தது. 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் வீடுகளுக்குள் வந்தபோது ஆட்களோடு அல்பங்களும் போயின. நாங்கள் லொறிக்கு முன்னால் நின்றெடுத்த வாப்பாவின் படம், பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம் என்று வீடு வீடாகக் கேட்டால், “இருந்தது சேர், சுனாமியில போயிட்டு” என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கிறோம். அப்போது அந்த வீட்டில் வேறு யார் யார் போனார்கள் என்பதையும் கேட்க வேண்டிவரும், படத்தைப் பற்றிய பேச்சு அங்கே நின்றுவிடும். மிஞ்சியிருப்பது ஆட்களின் ஞாபகம். அவர்களுக்கும் எழுபது, எண்பது வயதாகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்முனை – மட்டக்களப்பு பாதையில் ஓடிய பழைய பஸ், லொறி, மட்டக்களப்பு நிலைய முற்றம், ஓட்டமாவடிப் பழைய பாலம், ரயில் பஸ் – எதன் படம் இருந்தாலும் கழுவித் துடைக்காமல், சட்டகத்திலிருந்து கழற்றாமல் அப்படியே போனில் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். ரயில் பஸ்ஸை நேரில் காணக் கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் எடுக்காமல், கதவு, படி, சக்கரம், இரண்டு பஸ்ஸும் ஒட்டுகிற நடு இடம், இவற்றைத் தனித்தனியே எடுங்கள். நிலையத்தில் நிற்கும்போது, அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு, படிக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுத்தால் மிச்ச அளவைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.