மெர்சிங் கரையும் சட்டத்தின் எல்லைகளும்: ஆற்றல் உற்பத்தி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1974–2024)

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலை நோக்கி அமைந்த மாவட்டம் மெர்சிங். அதன் வடக்கில் எண்டாவ் ஆறு பகாங் மாநிலத்துடனான எல்லையாக ஓடுகிறது. உள்நாட்டுப் பகுதியில் எண்டாவ்-ரொம்பின் மழைக்காடு பரந்துள்ளது. அதன் வாயிலில் ஜாக்குன் பூர்வகுடியினரின் கம்போங் பெத்தா இருக்கிறது. கடற்பக்கம் ராவா, பெசார், திங்கி, சிபு முதலிய தீவுகள் உள்ளன. மெர்சிங் ஆற்றல் உற்பத்திக்குப் பெயர்பெற்ற இடமன்று. ஆயினும் மலேசியாவில் காடு, ஆறு, கடல், எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றின்மீது யாருக்கு அதிகாரம் உண்டு என்னும் வினாவை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது எனலாம்.

சுற்றுச்சூழல் சீர்கேட்டிற்குச் சட்டமின்மையே காரணம் என்னும் கருத்துப் பொதுவாக நிலவுகிறது. மலேசியாவின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாறு அதனை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. சட்டங்கள் பல இயற்றப்பட்டன. ஆனால் பாதிக்கப்படும் மக்களின் குரல் திட்டம் தொடங்குவதற்கு முன் கேட்கப்பட வேண்டுமா, இழப்பு நேர்ந்தபின் ஈடு வழங்கினால் போதுமா என்னும் வினாவிற்கு அச்சட்டங்கள் தெளிவான விடை அளிக்கவில்லை. இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசமைப்பு வகுத்த எல்லைகள்

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரத்தைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எனப் பகுத்துள்ளது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் அடங்கும். மின்சாரம், எரிவாயு, ஆற்றல் உற்பத்திக்கும் பகிர்மானத்திற்கும் உரிய பணிகள் ஆகியன கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஒரு மாநிலத்திற்குள் முழுமையாக அடங்கும் ஆறுகளும், தொடர்புடைய மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்ட ஆறுகளும் கூட்டரசின் அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்டுள்ளன. எனவே இரு மாநில எல்லையாக ஓடும் எண்டாவ் போன்ற ஆற்றின் நிலை, ஒரு மாநிலத்திற்குள்ளேயே தோன்றி முடியும் ஆற்றின் நிலையினின்றும் வேறுபட்டது. 'சுற்றுச்சூழல்' என்னும் சொல்லோ இப்பட்டியல்களில் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. இக்குறையே பின்னாளில் எழுந்த பல வழக்குகளுக்கு ஊற்றாயிற்று.

கடலுக்குச் சென்றால் இப்பகுப்பு மேலும் சிக்கலாகிறது. கடல் மீன்பிடிப்பு கூட்டரசுக்குரியது, கடலாமையோ மாநிலத்திற்குரியது. 1994ஆம் ஆண்டு ஆணையின் வழி, மெர்சிங்கிற்கு அப்பாலுள்ள தீவுகளைச் சூழ்ந்த நீர்ப்பரப்பு, தாழ்நீர்க் கோட்டிலிருந்து இரண்டு கடல் மைல் வரை, 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ்க் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தீவின் நிலம் ஜொகூர் மாநிலத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. தேசிய நிலச் சட்டத்தைப் பொறுத்தவரை மாநிலத்தின் கடற்பரப்பு மூன்று கடல் மைல் வரை நீள்கிறது. இவ்வாறு ஒரே பவளப்பாறையின் நீர் ஓர் அதிகாரத்திலும், அதன் அடிநிலம் மற்றோர் அதிகாரத்திலும், அதன்மேல் நீந்தும் ஆமையும் மீனும் வெவ்வேறு அதிகாரங்களிலும் அமைகின்றன. சிபு, திங்கித் தீவுகளை ஒட்டிய கடற்புல் வெளிகளில் மேயும் கடற்பசு பாலூட்டி விலங்கு. எனினும் அது 1999ஆம் ஆண்டின் அருகிவரும் மீனினக் கட்டுப்பாட்டு விதிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நிலத்தையும் நீரையும் உயிர்களையும் மாந்தர் வாழ்வையும் ஒரே திணையின் கூறுகளாகக் காணும் இலக்கணத்தைக் கற்பிக்கும் நமக்கு, இப்பகுப்பு எத்துணைச் செயற்கையானது என்பது விளங்கும். ஆயினும் இது அறியாமையால் விளைந்ததன்று. மாநிலங்களின் வருவாய்க்கு நிலமும் மரமும் அடிப்படையாக இருந்தமையால், அவற்றை விட்டுக்கொடுக்காமலேயே அவை கூட்டரசில் இணைந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எண்டாவ்-ரொம்பின்: முதற் சோதனை

இப்பகுப்பின் விளைவு மெர்சிங் வட்டாரத்தில் 1977ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மூன்றாம் மலேசியத் திட்டம் (1976–1980) எண்டாவ்-ரொம்பின் காட்டைத் தேசியப் பூங்காவாக அமைக்க முன்மொழிந்திருந்தது. ஆனால் பகாங் மாநில அரசு அக்காட்டின் தன் பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கியது. காடு மாநிலத்திற்குரியது என்பதால், சட்டப்படி அச்செயல் பிழையன்று. தேசியத் திட்டம் ஓர் ஆவணம் மட்டுமே. அது மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. நாடெங்கும் இயற்கை ஆர்வலர்களும் பத்திரிகைகளும் எழுப்பிய எதிர்ப்பே மரவெட்டை நிறுத்தியது.

இவ்வனுபவத்திற்குப்பின் 1980இல் தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் மாநிலத்தின் இசைவின்றி நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கூட்டரசுக்கு வழங்கவில்லை. 1985–1986இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் ஆய்வுப் பயணம் இக்காட்டின் பெருமையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இறுதியில் ஜொகூர் மாநிலம் 1989இல் தன் சட்டமன்றத்தின் வழியே பூங்காக் கழகம் ஒன்றை நிறுவி, 1993இல் ஏறத்தாழ 49,000 ஹெக்டேர் பரப்பை அரசிதழில் அறிவித்தது. 'தேசிய' என்னும் அடைமொழி பெற்ற பூங்கா மாநிலச் சட்டத்தால் தோன்றியமை இவ்வரலாற்றின் முரண் எனலாம். முன்மொழிவிற்கும் அறிவிப்பிற்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

1974: இரு சட்டங்கள்

ஆற்றல் துறையில் 1974ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டில் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நிலத்திலும் கடலிலும் உள்ள பெட்ரோலியம் முழுவதன் உடைமையைப் பெட்ரோனாஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒன்று இயற்கை வளத்தை எடுப்பதற்கும் மற்றொன்று அதனால் விளையும் கேட்டைக் கட்டுப்படுத்துவதற்கும் உரியன. எனினும் இரண்டும் சமவலிமையுடன் பிறக்கவில்லை. முன்னது உடைமையையே மாற்றியமைத்தது. பின்னது தொடக்கத்தில் கழிவையும் மாசையும் உரிமங்களால் நெறிப்படுத்துவதோடு நின்றது. ஒரு திட்டம் வேண்டுமா, வேண்டாவா என்று முன்கூட்டியே வினவும் ஏற்பாடு அதில் இல்லை.

அவ்வேற்பாடு 1985இன் திருத்தத்தால் 34அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1987இல் பிறப்பிக்கப்பட்டு 1988 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த ஆணை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பத்தொன்பது வகை நடவடிக்கைகளை வரையறுத்தது. எண்ணெய், எரிவாயு வயல்களின் மேம்பாடு, 10 மெகாவாட்டிற்கு மேற்பட்ட அனல்மின் நிலையங்கள், 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் ஆகியன அவற்றுட் சில. கடற்பூங்கா சூழ்ந்த தீவுகளில் சுற்றுலா வசதிகள் அமைப்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றமையால், மெர்சிங் தீவுகளும் அவ்வாணையின் வரம்பிற்குள் வந்தன.

இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நடந்தவை இவ்வாணைக்கு வெளியே நின்றன. திரெங்கானுவின் 400 மெகாவாட் கென்யிர் நீர்மின் அணை 1985இலேயே கட்டி முடிக்கப்பட்டது. தாமான் நெகாரா காட்டின் ஒரு பகுதியை மூழ்கடித்திருக்கக்கூடிய தெம்பெலிங் அணைத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது; அதுவும் நீதிமன்றத் தீர்ப்பால் அன்று, மக்கள் எதிர்ப்பின் பின்னணியில் எடுக்கப்பட்ட அரசியல் முடிவால் ஆகும்.

லிங்கியுவும் பாக்குனும்

1996, 1997ஆம் ஆண்டுகளில் மலேசிய நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளுள் இரண்டை ஒருசேர நோக்குதல் நலம்.

முதலாவது, மெர்சிங்கிற்குத் தெற்கேயுள்ள கோத்தா திங்கி மாவட்டத்தின் லிங்கியு ஆற்றுப்பகுதி தொடர்பானது. ஜொகூர் அரசும் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டு வாரியமும் 1990இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அங்கு அணை கட்டப்பட்டது. நிலப் பயன்பாட்டை நிரந்தரமாக இழப்பதற்கு ஈடாக ஜொகூர் அரசு 320 மில்லியன் ரிங்கிட் பெற்றது. அது நீர் வழங்கலுக்கான அணையே; மின்னுற்பத்திக்கானதன்று. எனினும் அணை எழுப்பும் சட்ட வினா இரண்டிற்கும் ஒன்றே. அக்காட்டில் வேட்டையாடியும் காடுபடு பொருள் திரட்டியும் வாழ்ந்த ஜாக்குன் மக்கள் ஐம்பத்திருவர் வழக்குத் தொடுத்தனர். மரபுவழிக் காட்டையும் வாழிடத்தையும் காட்டு விளைபொருளையும் மட்டுமன்றி, தம் குடும்பத்தாரின், வழித்தோன்றல்களின் எதிர்கால வாழ்வாதாரத்தையும் அவர்கள் இழந்தனர் என்று உயர் நீதிமன்றம் 1996 நவம்பரில் ஏற்று, 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மலேசியப் பூர்வகுடியினரின் நில உரிமை வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு வந்தபோது காடு போயிருந்தது.

இரண்டாவது, சரவாக்கின் பாக்குன் நீர்மின் அணை தொடர்பானது. 2,400 மெகாவாட் திறனும், ஏறத்தாழ 205 மீட்டர் உயரமும், 695 சதுர கிலோமீட்டர் நீர்த்தேக்கமும் கொண்ட இத்திட்டத்தால் ஏறத்தாழ 10,000 பேர் இடம்பெயர வேண்டியிருந்தது. பாதிக்கப்படவிருந்த மூவர் அணை எழுவதற்கு முன்னரே நீதிமன்றத்தை அணுகினர். மதிப்பீட்டு அறிக்கையைப் பெறவும், அது ஏற்கப்படுமுன் கருத்துரைக்கவும் தமக்கு உரிமை உண்டு என்பதே அவர்தம் வாதம். ஆனால் 1995இல் கூட்டரசு அமைச்சர் பிறப்பித்த ஆணையொன்று, 1994 செப்டம்பர் 1 முதல் முன்தேதியிட்டு, 1987ஆம் ஆண்டு ஆணை சரவாக்கிற்குப் பொருந்தாது என்றது. உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் பூங் 1996 ஜூனில் அம்முன்தேதியாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தார். 1997 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிலமும் ஆறும் சரவாக்கின் சட்ட அதிகாரத்திற்குட்பட்டவை. ஆகவே அத்திட்டத்திற்குக் கூட்டரசுச் சட்டம் பொருந்தாது என்றும், வழக்குத் தொடுத்தோருக்கு அதற்குரிய தகுதி இல்லை என்றும் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு கூறியது. பின்னர், 2011இல் பாக்குன் அணை மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 2017இல் அது சரவாக் மாநில நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளும் தத்தம் சட்ட எல்லைக்குள் விளக்கத்தக்கனவே. எனினும் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. இழந்தபின் வந்தவர்க்கு ஈடு கிடைத்தது. இழக்குமுன் வந்தவர்க்குச் செவி கிடைக்கவில்லை.

கூடங்குளம்: ஓர் ஒப்பீடு

வழக்குத் தொடுக்கும் தகுதியை விரிவாக்கினால் இக்குறை நீங்குமா என்பதற்குத் தமிழகத்தின் கூடங்குளம் அணுமின் நிலையம் ஒரு சான்றாகும். இந்தியாவில் பொதுநல வழக்கின் வாயில் அகன்றது. திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் அமையும் அந்நிலையத்திற்கு இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1988இல் உடன்படிக்கை செய்தன. 1989இல் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவிக்கை 1994இல்தான் வந்தது. 2011இல் இடிந்தகரை மீனவ மக்களின் போராட்டம் வலுப்பெற்றபின், வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பில், முதலிரு உலைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு சட்டப்படி தேவையில்லை எனக் கூறிய நீதிமன்றம், பாதுகாப்பு தொடர்பான பதினைந்து நெறிமுறைகளுடன் நிலையம் இயங்க இடமளித்தது.

ஆக, மலேசியாவில் அதிகார எல்லை கேட்பிற்குத் தடையாக நின்றது. இந்தியாவில் காலம் தடையாக நின்றது. வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. உரிய வேளையிலும் அது திறந்திருக்க வேண்டும்.

அண்மைய மாற்றங்கள்

மலேசியச் சட்டம் 1997இலேயே நின்றுவிடவில்லை. 2014இல் கூட்டரசு நீதிமன்றம், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் எரிசக்தி, நீர், தொலைத்தொடர்பு அமைச்சருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நீதிமுறை மறுஆய்வு கோருபவர் உண்மையான அக்கறையுடையவராகவும் முடிவால் பாதிக்கப்பட்டவராகவும் இருந்தால் போதும் என்று தகுதி விதியைத் தளர்த்தியது. 2015ஆம் ஆண்டின் புதிய ஆணை 1987ஆம் ஆண்டு ஆணைக்குப் பதிலாக வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையிலுள்ள பெருந்திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துகள் பெறப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டின் திருத்தம் சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான தண்டத்தொகையின் உச்ச வரம்பை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தியது.

இவற்றுள் தண்டத்தொகை உயர்வே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் தண்டமும் இழப்பீட்டைப் போலவே செயல் நிகழ்ந்தபின் வருவது. வரலாற்று நோக்கில் 2014, 2015ஆம் ஆண்டுகளின் மாற்றங்களே அடிப்படையானவை என்று கருத இடமுண்டு. அவை கேட்கும் நேரத்தை முன்னகர்த்துகின்றன.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சுற்றுச்சூழல் அரசமைப்பில் தனித்தலைப்பாக இல்லாமையால், ஒவ்வொரு திட்டத்திலும் அதிகார எல்லையே முதல் வழக்காகிறது. காட்டின் நிலை இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது. இரண்டாவதாக, எண்டாவ்-ரொம்பின், தெம்பெலிங் ஆகிய இரண்டிலும் பாதுகாப்பு நீதிமன்றத்தால் அன்றிப் பொதுக்கருத்தால் கிடைத்தது; மாநிலம் தானே முன்வந்தபோதுதான் அது நிலைபெற்றது. மூன்றாவதாக, இழப்பீடு எத்துணைப் பெரிதாயினும் முன்கேட்பிற்கு ஈடாகாது.

பார்வைக்கு வைக்கப்படும் அறிக்கையைப் பாதிக்கப்படும் ஊரார் படித்து விளங்கிக்கொள்ள இயலாவிடில், சட்டம் தரும் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். அறிக்கையின் கலைச்சொற்களை எளிய மொழிக்குக் கொண்டுவருவது சட்டத்துறையின் பணி மட்டுமன்று. மொழி கற்பிப்போரின் பணியுமாகும். கம்போங் பெத்தாவின் வேடுவரும் மெர்சிங் துறையின் மீனவரும் தம் காட்டையும் கடலையும் பற்றி முடிவெடுக்கப்படுமுன் அவ்வறிக்கையைப் படிக்கவும் மறுமொழி கூறவும் இயலுமா என்பதே, இனி வரும் சட்டங்களை அளக்கும் கோலாக அமைய வேண்டும்.