தடவு நெருப்பும் எரிவாயுவும்

மதுரையில் குளிர்காய்வதா என்று நகைப்போர் உண்டு. சித்திரை வெயிலில் வேகும் நகருக்குக் கணப்பு எதற்கு என்பது அவர்தம் வினா. எனினும் வாடைக்காலத்தைப் பாடுவதற்கென்றே நம்மிடம் ஒரு பழம்பாட்டு இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அது, 188 அடிகளில் நக்கீரர் பாடியது, 1889-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பால் நம் கைக்கு வந்தது. பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது உரைமரபு. ஆதலின் அதில் வரும் மூதூரை மதுரையாகக் கொள்வது தவறாகாது.

அப்பாட்டில் இருவகை நெருப்பைக் காண்கிறோம். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த ஆயர், நெருப்பில் காய்ச்சிய கைகளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். ஊருக்குள்ளோ, சாளரக் கதவுகள் அடைபட்டிருக்கின்றன. விசிறியில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. குளிர்ந்த நீரை விரும்பாத மாந்தர் அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பை நாடுகின்றனர். தடவு என்பது இன்று நாம் கணப்புச்சட்டி என்பது. வெட்டவெளியில் நிற்போர்க்கு ஒரு நெருப்பு, மாடத்தில் வாழ்வோர்க்கு ஒரு நெருப்பு என்னும் பிரிவு அன்றே இருந்தது.

பிற்காலத்தில் நம் வீடுகளில் அந்தக் கணப்பு வெந்நீர் அடுப்பாகச் சுருங்கிற்று. கொல்லைப்புறத்தில் தாமிரத் தவலை. அதன்கீழ் கருவேல விறகு, தென்னை மட்டை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பருத்திமார். பின்னர் சீமைக்கருவேலம் காடாகப் பெருகி ஏழைகளின் அடுப்பை நிரப்பிற்று. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரத்தை அகற்ற ஆணையிட்டபோது, நிலத்தடி நீர் பற்றிப் பேசிய நம்மில் பலர் அந்த அடுப்புகளை எண்ணிப் பார்க்கவில்லை.

எரிவாயு 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. 1965-இல் இண்டேன் தோன்றியது. தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2007-இலும், நடுவணரசின் உஜ்வலா திட்டம் 2016-இலும் தொடங்கின. எனினும் எரிவாயு நுழைந்த எல்லா வீடுகளிலிருந்தும் விறகு வெளியேறிவிடவில்லை. ஏன்?

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். காய்ந்த விறகு ஏறத்தாழ 4,000 தரும். நாட்டு அடுப்பில் அதிலும் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றே மிகுதியாகத்தான் பாத்திரத்தைச் சேரும். எரிவாயு அடுப்பிலோ மூன்றில் இரண்டு பங்கு சேரும். ஆக, 14.2 கிலோ உருளை ஒன்று ஏறக்குறைய இருநூறு கிலோ விறகின் வேலையைச் செய்கிறது. கணக்கு எரிவாயுவின் பக்கமே. ஆனால் விறகைச் சுள்ளி சுள்ளியாகப் பொறுக்கலாம். உருளைக்கு முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுத்தாக வேண்டும். கூலி வீட்டில் விறகே முதல், எரிவாயு அவசரத் துணை. நம் போன்றோர் வீட்டிலோ இந்த வரிசை தலைகீழ்.

எங்கள் வீட்டிலும் இவ்வினா எழுந்தது. அன்னையார்க்கு மார்கழி விடியலில் வெந்நீர் வேண்டும். புகையோ அவர் நெஞ்சுக்கு ஆகாது. தவலையை விட அவர் ஒப்பவில்லை. முடிவில் எரிவாயுக் கொதிகலன் ஒன்றைத் துணையாகச் சேர்த்தோம். அதைக் குளியலறைக்குள் வைக்காமல், காற்றோடும் வெளிச்சுவரில் பொருத்தினோம். அடைத்த அறையில் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நஞ்சைச் சேர்த்துவிடக்கூடும். சாளரம் அடைத்துத் தடவு மூட்டிய பழைய மாடங்களுக்கும் இந்த ஆபத்து இருந்திருக்கும்.

இப்போது விறகடுப்பு பொங்கலன்றும், உருளை வரத் தாமதமாகும் நாள்களிலும் மட்டும் எரிகிறது. அன்னையார் இருமாமல் உறங்குகிறார். அவர் வயதொத்த எத்தனையோ தாய்மார் இன்றும் புகைநடுவே அமர்ந்து ஊதுகின்றனர் என்பதை எண்ணுங்கால், நக்கீரர் காட்டிய அந்த இரண்டு நெருப்புகளும் இன்னும் ஒன்றாகவில்லை என்றே தோன்றுகிறது.