காவலரின் மனமும் காக்கவேண்டிய இரகசியமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாளன்று நம் நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் ஓர் அஞ்சலி நடைபெறுவதை நேயர்கள் அறிந்திருக்கலாம். 1944-ஆம் ஆண்டில் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருங்கே ஏற்றிவந்த கப்பல் அது. தீயை அவிக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் அன்று உயிர் துறந்தனர். அவர்களை நாம் நினைவுகூர்வது முறையே. ஆயின், இத்தகைய பேரிடர்களினின்று உயிரோடு மீண்டு, மறுநாள் காலையில் மீண்டும் சீருடை அணிந்து பணிக்குச் செல்வோரைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு.

தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோர் கண்ட காட்சிகள் அவர்கள் வீடு திரும்பிய பின்னும் அவர்களை விடுவதில்லை. சிலருக்கு உறக்கம் கெடுகிறது; சிலருக்குக் காரணமின்றிச் சினம் எழுகிறது; சிலருக்கு உயிர் வாழ்வதிலேயே வெறுப்புத் தோன்றிவிடுகிறது. நெஞ்சில் உள்ளதை அறிந்தவர் ஒருவரிடம் கூறினால் பாரம் குறையும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் இத்தொழிலில் இருப்போர் வாய் திறக்கத் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்திற்குத் தக்க காரணம் இருக்கிறது. நாம் சொல்வது மேலதிகாரியின் காதுக்கு எட்டினால் 'இவன் பணிக்குத் தகுதியற்றவன்' என்று எழுதிவிடுவார்களோ? கையிலுள்ள துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்களோ? பதவி உயர்வு தடைப்படுமோ? நாளை வழக்கு ஒன்று எழுந்தால், அழுதுகொண்டே சொன்னதை நமக்கு எதிராகவே படித்துக் காட்டுவார்களோ? இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல என்பதை வரலாறு காட்டுகிறது.

மருத்துவர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கவேண்டும் என்னும் கொள்கை மிகப் பழமையானது. கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், வெளியே சொல்லத்தகாத எதனையும் சொல்லேன் என்று மருத்துவர் சூளுரைக்கின்றார். எனினும், சூளுரை மருத்துவரின் மனச்சான்றைக் கட்டுப்படுத்துமேயன்றி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? 1776-இல் இங்கிலாந்தில் இவ்வினா எழுந்தது. கிங்ஸ்டன் சீமாட்டி, முதற்கணவர் இருக்கவே இரண்டாம் மணம் புரிந்தார் என்று பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டார். சாட்சியாக வந்த அறுவை மருத்துவர், தொழில்முறையில் அறிந்ததைத் தாம் கூறவேண்டுமா என்று கேட்டார். மருத்துவர் தாமாக வெளியிட்டால் அது மானக்கேடு. நீதிமன்றம் கேட்கும்பொழுது கூறுவது குற்றமன்று, கூறியே ஆகவேண்டும் என்று மான்ஸ்பீல்டு பிரபு விடை பகர்ந்தார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1828-இல் சட்டம் இயற்றி, மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நோயாளியின் இரகசியத்தைக் கேட்பதைத் தடுத்தது. நம் நாட்டிலோ, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இங்கிலாந்தின் வழியையே பின்பற்றியது. கணவன் மனைவி உரையாடலுக்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறுவதற்கும் அது காப்பு அளித்தது. மருத்துவரிடம் கூறுவதற்கு அளிக்கவில்லை.

இனி, இப்பொருளில் ஒரு திருப்பமாக அமைந்த வழக்கைக் காண்போம். 1991-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்னும் ஊர். குடியிருப்பு ஒன்றில் சண்டை நடக்கிறது என்ற செய்தி வரவே, போலீஸ் அதிகாரியான ஒரு பெண்மணி முதல் ஆளாக அங்கே சென்றார். ஒருவரைத் துரத்திக்கொண்டு மற்றொருவர் ஓடிவந்தார் என்றும், கையிலிருந்த கத்தியால் அவர் குத்தப்போகும் தறுவாயில் தாம் சுட நேர்ந்தது என்றும் அவ்வதிகாரி பின்னர்க் கூறினார். சுடப்பட்டவர் அங்கேயே இறந்தார். அவர் கையில் ஆயுதமே இல்லை என்று இறந்தவரின் உறவினர் கூறினர். அளவுக்கு மீறிய வன்முறையால் உயிர் பறிக்கப்பட்டது என்று அக்குடும்பத்தின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது.

உயிரைப் பறித்த அந்தக் கை அமைதியாக இருக்கவில்லை. அந்நிகழ்ச்சிக்குப்பின் அவ்வதிகாரி, உரிமம் பெற்ற சமூகநல ஆலோசகர் ஒருவரைச் சுமார் 50 முறை சென்று கண்டார். அந்த ஆலோசகர் அவ்வூர் நிர்வாகத்திலேயே பணியாற்றியவர். வழக்கு நடக்கும்பொழுது இச்செய்தி எதிர்த்தரப்பினருக்குத் தெரியவந்தது. ஆலோசகர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். நீதிபதி கொடுக்குமாறு ஆணையிட்டார். அதிகாரியும் ஆலோசகரும் மறுத்துவிட்டனர். அதன்மேல் நீதிபதி, மறைக்கப்பட்ட குறிப்புகள் அதிகாரிக்குப் பாதகமானவை என்று கருதிக்கொள்ளலாம் என ஜூரிகளிடம் கூறினார். இறந்தவர் தரப்புக்கு 5,45,000 டாலர் இழப்பீடு தரவேண்டுமென ஜூரிகள் முடிவு செய்தனர்.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் சென்றது. அங்கே ஆலோசனையின் இரகசியத்திற்குக் காப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் வழக்குக்கு வழக்கு, சாட்சியத்தின் தேவை பெரிதா, இரகசியத்தின் நன்மை பெரிதா என்று நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறிற்று. இறுதியில் 1996-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஜாஃபி எதிர் ரெட்மண்ட்' என்று அவ்வழக்கு வழங்குகிறது. எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்ற அத்தீர்ப்பை நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார்.

அத்தீர்ப்பின் வாதம் எளிதில் விளங்கக்கூடியது. மனம் திறந்து பேசுவதற்கு நம்பிக்கை வேண்டும். என்றோ ஒருநாள் ஒரு நீதிபதி தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துத் திறக்கக்கூடிய இரகசியத்தை நம்பி, எவரும் இன்று பேசத் துணியார். ஆகவே, உறுதியற்ற காப்பு காப்பே இல்லாமைக்குச் சற்றே மேலானது, அவ்வளவுதான். மேலும், காப்பு இல்லாவிடில் அந்த உரையாடலே நடந்திராது. எதிர்த்தரப்பு தேடும் சாட்சியமும் பிறந்திராது. எனவே இரகசியத்தைக் காப்பதனால் நீதிக்கு நேரும் இழப்பு நாம் அஞ்சும் அளவுக்குப் பெரியதன்று. இவ்வாறு கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த தராசை உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. உளவியல் மருத்துவருக்கு உரிய காப்பை, எளியோர் நாடும் உரிமம் பெற்ற சமூகநல ஆலோசகருக்கும் நீட்டித்தது.

மாறுபட்ட கருத்தையும் நாம் மதித்துக் கேட்கவேண்டும். உண்மையை மறைக்க உதவும் எந்தக் காப்பும் சில வேளைகளில் அநீதிக்குத் துணைபோகும் என்றார் நீதிபதி ஸ்காலியா. துன்புற்றவர் தம் தாயிடமும் நெஞ்சைத் திறக்கிறார். தாயிடம் சொன்னதற்கு இல்லாத காப்பு ஆலோசகரிடம் சொன்னதற்கு மட்டும் ஏன் என்று அவர் வினவினார். உயிரை இழந்த குடும்பத்தின் இடத்திலிருந்து நோக்குவோர்க்கு இவ்வினாவின் வலிமை புலனாகும். அரசின் துப்பாக்கியால் மகனை இழந்தவர்கள் உண்மை முழுவதையும் கேட்க உரிமையுடையவர்கள். ஆனால் நடந்ததற்குச் சாட்சிகள் உண்டு, தடயங்கள் உண்டு, அதிகாரியையே கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வழியும் உண்டு. அவை யாவும் அத்தீர்ப்புக்குப் பின்னும் அப்படியே இருந்தன. மூடப்பட்டது ஆலோசனை அறையின் கதவு ஒன்றே.

இரகசியத்திற்கு எல்லையே கிடையாது என்று இதனால் கொள்ளலாகாது. 1969-இல் கலிபோர்னியாவில் மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் கூறினார். பல்கலைக்கழகக் காவலருக்கு அது தெரிவிக்கப்பட்டது. அப்பெண்ணுக்கோ அவள் குடும்பத்தாருக்கோ எவரும் தெரிவிக்கவில்லை. அவள் கொலையுண்டாள். ஆபத்துக்கு உள்ளாகும் ஒருவரைக் காக்கத் தக்க முயற்சி எடுப்பது சிகிச்சையளிப்போரின் கடமை என்று 1976-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், உயிருக்கோ உடலுக்கோ கடுந்தீங்கு நேரும் நிலையில் காப்பு விலகவேண்டிவரும் என்பதைக் குறிப்பிடத் தவறவில்லை.

மற்றொரு குறையும் எஞ்சி நின்றது. நெருப்போடு போராடுவோர் முதலில் நாடுவது ஆலோசகரை அல்ல. உடன் பணிபுரியும் தோழரையே. முன்பு தீயணைப்பிலும் அவசர மருத்துவ உதவியிலும் பணியாற்றிய ஜெஃப்ரி மிட்செல் என்பார், பேரிடருக்குப்பின் பணியாளர்கள் ஒன்றுகூடிப் பேசும் முறை ஒன்றை 1983-இல் எழுதி வெளியிட்டார். ஒரே அமர்வில் முடியும் அத்தகைய கூட்டம் பிற்கால மனநோயைத் தடுப்பதாகப் பின்வந்த ஆராய்ச்சிகள் காணவில்லை. எனினும், துன்புற்றவர்க்கு அதே தொழிலைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற தோழர் துணை நிற்பது என்னும் கருத்து வேரூன்றியது. ஆனால் தோழர் உரிமம் பெற்றவர் அல்லர். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் அவரை எட்டவில்லை. இக்குறையை நீக்கவே கலிபோர்னியா 2019-இல் காவலருக்கும் தீயணைப்போருக்கும் தனித்தனியே சட்டம் இயற்றியது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில், மத்திய அரசின் காவற்பணியாளர்கள் தோழரிடம் கூறுவதைக் காக்கும் சட்டம் அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. காப்பு எதுவரை, விலக்கு எப்பொழுது என்பதைப் பேச்சுத் தொடங்குமுன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. இதுவே அதன் சிறந்த பகுதி என்று நாம் கருதுகிறோம்.

நம் நாட்டின் நிலை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட நம் உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உற்றவரின் இரகசியத்தைக் காப்பதை உரிமையாகவும், சிகிச்சை அளிப்போரின் கடமையாகவும் வகுத்தது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்றம் முதலியவற்றின் ஆணை ஆகியவை விலக்குகள். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் வழக்கறிஞருக்குக் காப்பு உண்டு. மருத்துவருக்கென்று தனிப்பிரிவு இல்லை. 23-ஆம் பிரிவு கூறும் கடமை சிகிச்சை அளிப்போர்க்கு உரியது. பக்கத்துப் படுக்கையில் உறங்கும் தோழரையோ, அறிக்கை எழுதும் மேலதிகாரியையோ அது குறிக்கவில்லை.

ஆகவே, சட்டம் செய்ய இன்னும் இடமுண்டு. சட்டம் வரும்வரை காத்திராமல் நிலையங்களே செய்யக்கூடியவையும் உண்டு. ஆலோசனைக் குறிப்பு பணிப்பதிவேட்டில் சேராதிருக்க ஏற்பாடு செய்யலாம். ஆலோசனை அறையை அதிகாரியின் அறைக்கு எதிரில் அமைக்காதிருக்கலாம். யாருக்கு எது தெரியவரும், எந்த நிலையில் இரகசியம் விலகும் என்பதை முதற்சொல்லாகவே கூறிவிடலாம். எல்லையை மறைத்து, 'எதையும் சொல், யாருக்கும் தெரியாது' என்று கூறிப் பின்னர் வெளியிடுவது, ஒருவரை மட்டும் ஏமாற்றுவதாகாது. அந்நிலையத்தில் இனி எவரும் வாய் திறவாதபடி செய்துவிடும்.

நம் வீடு பற்றியெரியும்பொழுது, முன்பின் அறியாத ஒருவர் நம்மை நம்பித் தீயினுள் நுழைகிறார். அவர் நெஞ்சு பற்றியெரியும் நாளில், நம்மை நம்பி அவர் பேசக்கூடிய ஓர் இடத்தை அமைத்துத் தருவது நாம் அவருக்குச் செய்யும் உபகாரமன்று. நாம் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனேயாகும்.